ஹாஜிகள் கடந்த கணவாய்

 

கைபர் கணவாய், போலன் கணவாய் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர்கள் நாம். தேர்வு முடிந்ததும் அந்தச் சொல்லையும் மறந்துவிட்டோம். இரு மலைகளுக்கு இடையே மனிதன் கடந்து செல்வதற்கென்று இறைவன் விட்டுவைத்திருக்கும் இடைவெளிக்கே கணவாய் என்று பெயர். மலை தடுத்து நிற்கிறது. கணவாய் வழி விடுகிறது. அந்த வழியாலேயே வணிகம் நடந்தது, கல்வி பரவியது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பல நாடுகளுக்கு நமது தீன் சென்று சேர்ந்ததும் அத்தகைய வழிகளாலேயே.

திருமறையின் 22ஆம் அத்தியாயமாகிய அல்ஹஜ்ஜில், ஹஜ்ஜுக்கான அழைப்பைப் பற்றிக் கூறும் 27ஆம் வசனத்தில், மக்கள் புறப்பட்டு வரும் வழியைக் குறிக்க 'ஃபஜ்ஜு' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. தொலைவான வழி என்று நாம் பொதுவாகப் பொருள் கொள்கிறோம். அரபு அகராதியைப் புரட்டிப் பாருங்கள். இரு மலைகளுக்கு நடுவே அமைந்த அகன்ற பாதைக்கே அச்சொல் உரியது என்பது விளங்கும். ஆண்டுதோறும் ஹஜ்ஜுடைய காலத்தில் அவ்வசனத்தைக் கேட்கும்பொழுதெல்லாம் நாம் கணவாய்களைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

அத்தகைய ஒரு கணவாயைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன். ஹாஜிகள் மெய்யாகவே நடந்து கடந்த கணவாய் அது. இன்று அங்கே ஹாஜிகளும் இல்லை, வணிகர்களும் இல்லை. இராணுவம் மட்டுமே இருக்கிறது. அதன் பெயர் காரகோரம் கணவாய்.

கறுப்புச் சரளை

இந்தியாவின் லடாக்கிற்கும் சீனாவின் ஆளுகையிலுள்ள சின்ஜியாங்கிற்கும் இடையே இக்கணவாய் அமைந்துள்ளது. உயரம் ஏறத்தாழ 5,540 மீட்டர். நமது நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அது போன்ற இரண்டு சிகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் இக்கணவாயின் உயரத்தை எட்டாது. அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே இருக்கும். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்; தலை வெடிப்பது போல் வலிக்கும்; சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிரே போய்விடும்.

துருக்கிய மொழியில் 'காரா' என்றால் கறுப்பு. 'கோரம்' என்றால் உடைந்த கல், சரளை. பெயருக்கேற்ப அங்கே கறுத்த கற்களே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். ஓயாது வீசும் காற்றினால் கணவாயின் உச்சியில் பனிகூடப் பெரும்பாலும் தங்குவதில்லை. புல் இல்லை, மரம் இல்லை, எரிக்க விறகு இல்லை. குதிரைக்குத் தீவனமும் மனிதனுக்கு மாவும் எரிபொருளும் முதுகில் ஏற்றிச் சென்றால்தான் உண்டு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பாகிஸ்தானையும் சீனாவையும் இணைக்கும் காரகோரம் நெடுஞ்சாலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். அந்நெடுஞ்சாலை குஞ்சராப் என்னும் வேறொரு கணவாய் வழியே செல்கிறது. நாம் பேசும் கணவாய்க்கு அத்தகைய நெடுஞ்சாலை எதுவும் அமைந்ததில்லை.

எலும்புகள் காட்டிய வழி

லடாக்கின் தலைநகரமான லேயிலிருந்து யார்க்கந்து நகரத்திற்குச் செல்லும் வணிகப் பாதை இக்கணவாயைக் கடந்தே சென்றது. வணிகர்களின் கூட்டத்தைக் 'காபிலா' என்பார்கள். குதிரைகளும், கழுதைகளும், இரு திமில் கொண்ட ஒட்டகங்களும் சுமை தூக்கின. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பயணம். கார்துங், சாசர், காரகோரம், சுகெத், சஞ்சு என ஐந்து உயர்ந்த கணவாய்களைத் தாண்டியாக வேண்டும்.

யார்க்கந்திலிருந்து பட்டும், கம்பளமும், நமதா விரிப்பும் வந்தன. இங்கிருந்து பருத்தித் துணியும், அவுரிச் சாயமும், பவளமும், நறுமணப் பொருள்களும் சென்றன. சரஸ் என்னும் போதைப் பொருளும் அவ்வழியே வந்தது. அதை மறைத்துப் பயனில்லை. நன்மையும் தீமையும் கலந்தே நடப்பதுதானே உலகத்துச் சந்தை!

பாதையைக் காட்ட அங்கே மைல்கல் இல்லை. வழியில் விழுந்து இறந்த குதிரைகள், ஒட்டகங்களின் எலும்புகளே அடையாளம். நூற்றாண்டுகளாக விழுந்த எலும்புகள் வரிசையாகக் கிடக்க, அவற்றைப் பார்த்தே பின்வந்தவர்கள் வழி அறிந்தார்கள் என்று அவ்வழிச் சென்ற பயணிகள் பலர் எழுதிவைத்துள்ளனர். அப்பாதையிலுள்ள முர்கோ என்னும் தங்குமிடத்தின் பெயருக்கு 'மரண வாசல்' என்று பொருள் சொல்வார்கள்.

கணவாய்க்குத் தெற்கே தௌலத் பேக் ஓல்டி என்றோர் இடம். 'செல்வமும் பெருமையும் உடையவர் மௌத்தான இடம்' என்பது அதன் கருத்து. யார்க்கந்தை ஆண்ட சுல்தான் சயீத் கான் 1533ஆம் ஆண்டு லடாக்கிலிருந்து தம் நாட்டிற்குத் திரும்பும் வழியில் உயர மலை நோயினால் இறந்தார். அந்தப் பெயர் அவரைக் குறித்ததே என்று கருதுவோர் உண்டு. அவருடைய உறவினரும் படைத்தலைவருமான மிர்ஸா ஹைதர் துக்லத் அந்நோயின் குறிகளைத் தமது 'தாரீகே ரஷீதி' என்னும் பாரசீக நூலில் விரிவாக எழுதியுள்ளார். மூச்சு முட்டுதலையும், தூக்கமின்மையையும், அறிவு தடுமாறுதலையும் அன்றே அவர் கவனித்து எழுதியிருக்கிறார். சுல்தான் இறந்த பிறகு அரசியல் மாறிற்று. சொந்த ஊருக்குத் திரும்ப இயலாதவராகிய மிர்ஸா ஹைதர், பின்னாளில் காஷ்மீரை ஆண்டு, 1551இல் அங்கேயே மறைந்தார். செல்வத்தையும் படையையும் பெற்ற ஒரு சுல்தானுக்கு அம்மலையில் ஒரு மூச்சுக் காற்று போதாமற் போயிற்று. நாம் எதைக் கொண்டு பெருமை அடிப்பது?

யார்க்கந்திலிருந்து மக்காவுக்கு

வணிகர்களோடு ஹாஜிகளும் இவ்வழியே வந்தார்கள். யார்க்கந்து, கோத்தான் முதலிய ஊர்களின் உய்குர் முஸ்லிம்கள் காபிலாக்களோடு சேர்ந்து கணவாயைத் தாண்டி லேயை அடைவார்கள். அங்கிருந்து கார்கில், ஜோஜிலா கணவாய் வழியே ஸ்ரீநகர். ஸ்ரீநகரில் ஜீலம் நதிக்கரையில், சஃபாகதல் பகுதியில், அவர்கள் தங்குவதற்கென யார்க்கந்தி சராய் ஒன்று இருந்தது. பிறகு ராவல்பிண்டி சென்று ரயிலேறி, பம்பாயிலோ கராச்சியிலோ கப்பல் ஏறி ஜித்தாவில் இறங்குவார்கள். ரஷ்ய நிலத்தின் வழியே கருங்கடலை அடைந்து கப்பலேறிய மத்திய ஆசிய ஹாஜிகளும் உண்டு. ஆயினும் தெற்கு நோக்கி வந்தவர்களுக்கு இக்கணவாயே முக்கிய வாசல்களில் ஒன்றாக இருந்தது.

நம் தமிழகத்து முன்னோர்கள் பலரும் ரயிலில் பம்பாய் சென்று, முசாபர்கானாவில் நாள் எண்ணிக் காத்திருந்து, கப்பலேறியே ஹஜ்ஜுக்குப் போனார்கள். எலும்புகள் கிடக்கும் பாதையில் நடந்து வந்த யார்க்கந்து முதியவரும், கடற்கரை மணலில் வளர்ந்த நம்மூர்ப் பெரியவரும் புறப்பட்ட துறைமுகம் அதுவே. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. உணவு வேறு, உடை வேறு. ஆனால் இருவரும் சொன்ன தல்பியா ஒன்றே. இஹ்ராம் துணியும் ஒன்றே.

இன்று நாம் காலையில் விமானம் ஏறி, மாலைக்குள் ஜித்தாவில் இறங்கிவிடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் முகம் சுளிக்கிறோம். தங்குமிடத்தில் குளிர்சாதனம் சரியில்லை என்று குறைப்படுகிறோம். ஒளுச் செய்யத் தண்ணீர் எடுத்தால் அது பாத்திரத்திலேயே உறைந்துபோகும் இடத்தில், தயம்மும் செய்து தொழுது, மறுநாள் நடையைத் தொடர்ந்தவர்களை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் அந்தக் குறைகள் தாமே சிறுத்துவிடும்.

இப்பாதை இரு நாட்டாரையும் உறவினராகவும் ஆக்கிற்று. லேயில் தங்கிய யார்க்கந்து, காஷ்மீர் வணிகர்கள் லடாக்கிப் பெண்களை மணந்தார்கள். அவ்வழித் தோன்றிய முஸ்லிம்களுக்கு ஆர்கோன் என்று பெயர். லே நகரக் கடைவீதியில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

லேயில் பிறந்த ஓர் ஏழை முஸ்லிம் சிறுவனையும் நீங்கள் அறிய வேண்டும். பெயர் குலாம் ரசூல் கல்வான். ஆங்கிலேயப் பயணிகளுக்குக் குதிரை பார்ப்பவனாகவும் சுமை தூக்குபவனாகவும் வேலைக்குச் சேர்ந்து, காரகோரம் பாதையில் பலமுறை சென்று, பின்னாளில் லேயில் வணிகக் காபிலாக்களைக் கவனிக்கும் 'அக்சகால்' என்னும் பொறுப்பிற்கு உயர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், தட்டுத் தடுமாறி ஆங்கிலம் கற்றுத் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். 'சர்வன்ட் ஆஃப் சாகிப்ஸ்' என்னும் அந்நூல் 1923இல் வெளிவந்தது. மலையிடுக்கில் வழி தெரியாமல் சிக்கிய ஒரு பயணக் குழுவிற்கு அவர் வழி கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றும், அதனால் அங்கு ஓடும் ஆற்றுக்கு அவர் பெயரே நிலைத்தது என்றும் சொல்லப்படுகிறது. அதுவே கல்வான் ஆறு!

வழி அடைபட்ட கதை

1949இல் சின்ஜியாங் சீனப் பொதுவுடைமை ஆட்சியின் கீழ் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் முஹம்மது அமீன் புக்ரா, ஈஸா யூசுப் அல்ப்தகீன் ஆகிய உய்குர் தலைவர்கள் தம் மக்கள் பலரோடு மலைகளைக் கடந்து லடாக்கை அடைந்து, ஸ்ரீநகர் வந்து, பின்னர் துருக்கியில் அடைக்கலம் புகுந்தனர். அதன் பிறகு வணிகம் நின்றது. காபிலா நின்றது. ஹாஜிகள் வருவதும் நின்றது.

கணவாயின் உச்சியை எல்லையாகக் கொள்வதில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் பெரிய வழக்கில்லை. அதன் கிழக்கும் மேற்கும்தான் வழக்கு. கிழக்கே அக்சாய் சின் நிலப்பரப்பில் சீனா 1957இல் சாலை அமைத்து முடித்தது. 1962இல் போர் மூண்டது. மேற்கே ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கு. 1963இல் பாகிஸ்தான் செய்துகொண்ட உடன்பாட்டினால் அது சீனாவின் வசம் சென்றது. அவ்வுடன்பாட்டை இந்தியா ஏற்கவில்லை.

இன்னும் தெற்கே சியாச்சின் பனியாறு. 1949ஆம் ஆண்டின் கராச்சி உடன்பாட்டிலும், 1972ஆம் ஆண்டின் சிம்லா உடன்பாட்டிற்குப் பின் வரைந்த கட்டுப்பாட்டுக் கோட்டிலும், என்.ஜே. 9842 என்னும் புள்ளியோடு கோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மனிதன் எவ்வாறு வாழ முடியும், அதற்காக யார் சண்டையிடப் போகிறார்கள் என்று எண்ணினார்கள் போலும்! அப்புள்ளியிலிருந்து காரகோரம் கணவாய்க்கு ஒரு கோடு இழுத்து, அதுவே எல்லை என்றது பாகிஸ்தான். கோடு வடக்கே பனியாறுகளை நோக்கிச் செல்ல வேண்டும் என்றது இந்தியா. 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய இராணுவம் சால்டோரோ மலைத்தொடரின் கணவாய்களுக்குச் சென்று நிலைகொண்டது. அன்று முதல் இரு நாட்டு வீரர்களும் அந்தப் பனியில் நிற்கிறார்கள். 2003 நவம்பரில் அங்கே துப்பாக்கிச் சூடு நிறுத்தப்பட்டது. ஆனால் குளிரோடு யார் போர்நிறுத்தம் செய்துகொள்வது? அங்கே குண்டுக்கு இரையானவர்களைக் காட்டிலும் குளிருக்கும், பனிச்சரிவுக்கும், மூச்சுத் திணறலுக்கும் இரையானவர்களே அதிகம்.

2012 ஏப்ரல் 7 அன்று கயாரி என்னும் பாகிஸ்தான் இராணுவ முகாமின் மேல் பனிமலை சரிந்தது. 140 பேர் அதனடியில் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் நம் தமிழகத்தவர். 2020 ஜூன் 15 இரவில், கணவாய்ப் பாதைக்கு அருகேயுள்ள கல்வான் பள்ளத்தாக்கில், இந்திய, சீன வீரர்கள் கைகலந்தனர். நம் வீரர்கள் இருபது பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார். தம் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா பின்னர் அறிவித்தது. வழி தவறியவர்களுக்கு வழி காட்டிய ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயர், இப்படி ஒரு சாவுச் செய்தியின் வழியாகவே நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது!

2024 அக்டோபரில் இரு நாடுகளும் காவல் ரோந்து பற்றி உடன்பாடு செய்துகொண்டன. அது நல்ல செய்தி. எல்லையைக் காப்பது அரசின் கடமை. அங்கே நிற்கும் வீரனுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அவனுடைய தாய், எந்த மதத்தவளாயினும், தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறாள். அத்தாய் கண்ணீர் சிந்தாதிருக்க வேண்டுமென்று விரும்புகிறவன், மலை உச்சியில் அமைதி நிலவ வேண்டும் என்றே துஆச் செய்வான்.

மிச்சம் இருப்பவை

நுப்ரா பள்ளத்தாக்கிலுள்ள ஹுண்டர் என்னும் ஊரில் இரு திமில் ஒட்டகங்கள் இன்றும் இருக்கின்றன. காபிலாக்கள் நின்றபொழுது திரும்பிப் போக வழியின்றி இங்கேயே தங்கிவிட்ட ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள் அவை. சுற்றுலா வருவோர் அவற்றின்மீது ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் என்னும் வணிகர் 1920இல் நடத்தத் தொடங்கிய சராயில் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த கம்பளங்களும், சேணங்களும், குல்லாய்களும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே எடுக்கப்பட்டு, இப்பொழுது அக்குடும்பத்தாரின் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதே நுப்ராப் பகுதியில், ஷியோக் ஆற்றங்கரையில், துர்துக் என்னும் பால்டி முஸ்லிம்களின் ஊர். 1971 டிசம்பர் வரை அது பாகிஸ்தான் வசம் இருந்தது. போரில் இந்தியாவின் வசம் வந்தது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஸ்கர்து முதலிய ஊர்களுக்குச் சென்றிருந்தவர்கள் அப்பக்கமே நின்றுவிட்டார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். வாப்பா அங்கே, பிள்ளைகள் இங்கே. ஆற்று நீர் தங்குதடையின்றி ஓடிக் கோட்டைக் கடக்கிறது; ஆற்றங்கரையில் பிறந்தவர்களால் கடக்க முடியவில்லை.

மூடிய வழி திறவாது என்பதில்லை. 1967இல் பீரங்கிகள் முழங்கிய சிக்கிமின் நாதுலா கணவாய் 2006இல் வணிகத்திற்குத் திறக்கப்பட்டது. கைலாச யாத்திரை செல்லும் இந்து சகோதரர்களுக்கு 2015இல் அவ்வழி விடப்பட்டது; இடையில் நின்றிருந்த அந்த யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கிற்று. மனம் வைத்தால் பகைவர்களும் பயணிகளுக்கு வழி விடலாம் என்பதற்கு இது சான்று.

நம் வீட்டுக் கணவாய்

அரசுகளின் வழக்கை நாம் தீர்க்க முடியாது. ஆனால் நம் கையில் உள்ள கணவாய்கள் சில உண்டு.

திருமறையின் 90ஆம் அத்தியாயத்தில் 'அகபா' என்றொரு சொல் வருகிறது. மலைமேல் ஏறிச் செல்லும் கடினமான வழிக்கு அப்பெயர். அந்த வழி எதுவென்று இறைவனே விளக்கும்பொழுது மலையைச் சொல்லவில்லை. அடிமைத்தளையை நீக்குவதையும், பஞ்ச நாளில் உறவுள்ள அநாதைக்கோ மண்ணில் கிடக்கும் ஏழைக்கோ உணவளிப்பதையும் சொல்கிறான். 5,540 மீட்டர் ஏறுவதைவிட, பேச்சு நின்றுபோன தம்பி வீட்டின் மூன்று படிகளை ஏறுவது கடினம் என்பதைப் படைத்தவன் அறியாதவனா?

சொத்துப் பங்கீட்டில், பத்திரத்தில் ஓரடி நிலம் கூடிற்று, குறைந்தது என்று உடன்பிறந்தார் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் எத்தனை! கல்யாணப் பந்தலில் முறையாக அழைக்கவில்லை என்று பத்தாண்டாக வாசல் மிதிக்காத மாமிமார்கள் எத்தனை! புல்லும் முளைக்காத பனிக்காக நாடுகள் சண்டையிடுவதைப் படித்து வியக்கிறோமே, நம் வீட்டுச் சண்டையின் நிலத்தில் என்ன முளைக்கிறது? ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாள்களுக்கு மேல் முகம் திருப்பி இருத்தலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும், சலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்று உணர்த்தியிருப்பதும் நாம் அறியாதவை அல்ல.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உற்றார் உறவினரிடமும் கடன் கொடுத்தவரிடமும் சென்று பிழை பொறுக்கக் கேட்டு விடைபெறும் வழக்கம் நம்மிடையே உண்டு. திரும்பி வருவோமா என்பது தெரியாத காலத்தில் அதற்கு ஆழ்ந்த பொருள் இருந்தது. இன்றோ அது விருந்தும் மாலையுமாக மாறி வருகிறது. இவ்வாண்டு உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் புறப்படுவதாயின், விருந்துக்கு முன் அந்த ஒரு வீட்டுக்குப் போய் வரச் சொல்லுங்கள். எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். பெண்கள் நினைத்தால் இது எளிதில் நடக்கும். ஒரு தூக்குச் சட்டியில் கறி ஆணத்தை ஊற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பினால், பல ஆண்டுகளாக அடைபட்ட வழி ஒரு மாலைப் பொழுதில் திறக்கும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், முன்னாளில் ஹஜ்ஜுக்கு எப்படிப் போனார்கள், எத்தனை நாள் கப்பலில் இருந்தார்கள், யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடைக்காது.

மலைகளைப் படைத்தவன், அவற்றினூடே வழிகளையும் சேர்த்தே படைத்தான். அவன் திறந்து வைத்ததை நம் கையால் அடைக்காதிருப்போமாக. எல்லையில் நிற்பவர்களும், எல்லையால் பிரிந்தவர்களும் தத்தம் வீடு சேர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.